படிக்கத் தெரியும்... புரிகிறதா? நாளைய ஆசிரியர்களின் வாசிப்புத் திறன் - ஓர் அலசல்

குழந்தைகளுக்கு வாசிக்கத் தெரியுமா என்று விடாமல் அளக்கிறோம். அவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களை யாராவது கேட்டிருக்கிறோமா?

முதலில் ஒரு சின்ன டெஸ்ட். கீழே இருக்கும் மூன்று வரிகளைப் படிங்க.

"மழை நின்று இரண்டு நாட்களாகியும் முருகேசன் வயல் பக்கம் போகவில்லை. வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பதும், உள்ளே வந்து உட்காருவதுமாக இருந்தார். அறுவடை மெஷின் எப்போது வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது, 'இனிமே மெஷின் எதுக்கு?' என்று மட்டும் சொன்னார்."

இப்போ மூன்று கேள்விகள்.

1. மழை நின்று எத்தனை நாட்கள் ஆகின்றன?
2. முருகேசனின் பயிருக்கு என்ன ஆனது?
3. இதை ஐந்தாம் வகுப்புக்கு நடத்துகிறீர்கள். எந்த இடத்தில் நிறுத்தி, பிள்ளைகளிடம் என்ன கேட்பீர்கள்?

முதல் கேள்வி ஈஸி. 'இரண்டு' என்ற சொல்லைக் கண் தேடிப் பிடித்துவிடும். இரண்டாவது கேள்விக்கான விடை பத்தியில் எங்குமே இல்லை. பயிர் மூழ்கியது என்றோ அழுகியது என்றோ ஒரு வார்த்தை கிடையாது. கடைசி வரியை வைத்து நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது, ஆசிரியருக்கு மட்டுமேயான கேள்வி. இரண்டாவதில் தடுமாறியவரால் மூன்றாவதைத் தொடவே முடியாது.

இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள்தான் நாளை நம் பிள்ளைகளின் வகுப்பறையில் நிற்கப்போகிறார்களா? அதைப் பற்றித்தான் இந்த அலசல்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது டெட்டில், தேர்ச்சி பெற வேண்டும். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம். அதற்குள் ஓய்வு பெறப்போகிறவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. தமிழ்நாட்டின் ஆசிரியர் அறைகளில் அன்றிலிருந்து பேச்செல்லாம் டெட் பற்றித்தான்.

விவாதம் இரண்டு அணியாகப் பிரிந்தது. "பாஸ் பண்ண முடியாதவங்க எப்படிப் பாடம் நடத்துவாங்க?" என்றது ஓர் அணி. "இருபது வருஷம் பாடம் நடத்தினவங்களுக்கு எதுக்கு பரீட்சை?" என்றது இன்னோர் அணி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு கேள்வி காணாமல் போனது. டெட்டில் தோற்கும் ஒருவர் எதில் தோற்கிறார்? பாடம் தெரியாமலா, கேள்வியே புரியாமலா?

இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பாடம் தெரியவில்லை என்றால் பாடத்தைப் படிக்க வைக்கலாம். கேள்வியே புரியவில்லை என்றால் இன்னும் பத்து கைடு வாங்கிக் கொடுத்தாலும் பலன் இருக்காது.

வாசிப்பு என்றால் என்ன?

எழுத்துக்கூட்டிப் படிப்பது வாசிப்பில் பாதிதான். 1986-ல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளுதல். பெருக்கல் என்பதால், ஒன்று பூஜ்ஜியம் என்றால் மொத்தமும் பூஜ்ஜியம்.

நம்ம அனுபவத்திலேயே பார்க்கலாம். வீட்டுக் கடன் ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தை நம்மில் யாரும் தடையில்லாமல் சத்தமாக வாசித்துவிடுவோம். வாசித்து முடித்ததும், "தவணை தவறினால் என்ன ஆகும்?" என்று யாராவது கேட்டால் முழிப்போம். எழுத்து எல்லாம் தெரிந்ததுதான், பொருள்தான் பிடிபடவில்லை.

புரிதலிலும் படிகள் உண்டு. வாசிப்பு ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் கிரே 1960-லேயே இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். வரியில் இருப்பதைப் படிப்பது, வரிகளுக்கு இடையில் இருப்பதைப் படிப்பது, வரிகளைத் தாண்டிப் படிப்பது. மேலே பார்த்த முதல் கேள்வி முதல் படியில் நிற்கிறது, இரண்டாவது கேள்வி இரண்டாம் படியில். பயிர் இழப்பீடு பற்றியோ, முருகேசன் இனி என்ன செய்வார் என்பது பற்றியோ யோசிக்க ஆரம்பித்தால் அது மூன்றாம் படி.

எங்கே தடுக்குகிறது?

பிளஸ் டூ முடித்துவிட்டு டி.எல்.எட் சேர்கிறவருக்கோ, டிகிரி முடித்துவிட்டு பி.எட் சேர்கிறவருக்கோ எழுத்து தெரியாமல் இருக்காது. சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது.

நீளச் சொற்களில் வேகம் குறைவது: தமிழில் விகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும். 'எழுதப்பட்டிருக்காவிட்டாலும்' என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்களில் சொல்வதை நாம் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம். வாசித்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரே பார்வை. பழகாத கண் அதை உடைத்து உடைத்துத்தான் கடக்கும். உடைப்பதிலேயே கவனம் செலவாகிவிட்டால், வாக்கியத்தின் பொருளைப் பிடிக்க மனதில் இடம் மிஞ்சாது.

கடைசியில் வரும் 'இல்லை': தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். எதிர்மறையும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இப்படி ஒரு வாக்கியத்தைப் பாருங்க: "குழந்தை தவறு செய்யும் ஒவ்வொரு முறையும் உடனடியாகக் குறுக்கிட்டுத் திருத்துவதுதான் மொழி கற்பித்தலின் சிறந்த வழி என்பதை எல்லாக் கல்வியாளர்களும் ஏற்றுக்கொள்வதில்லை." பாதியில் கண்ணை எடுத்தவருக்கு இது நேர் எதிராகப் புரியும். தேர்வில் இதோடு "பின்வருவனவற்றுள் பொருந்தாதது எது?" என்ற கேள்வியும் சேர்ந்தால், இரண்டு 'இல்லை'களைத் தலைக்குள் வைத்துக்கொண்டு விடை தேட வேண்டும். விஷயம் தெரிந்தவர்கூட இங்கே சறுக்கலாம்.

பேசும் தமிழும் பாடநூல் தமிழும்: நாம் பேசுவது ஒரு தமிழ், படிப்பது இன்னொரு தமிழ். கல்வி உளவியல் புத்தகத்தில் இருப்பதோ மூன்றாவது தமிழ். 'புலன்காட்சி', 'ஆக்கநிலையுறுத்தம்' மாதிரியான கலைச்சொற்கள் ஒரே பத்தியில் நான்கு வந்தால், அந்தப் பத்தியைப் புரிந்துகொள்ளும் முயற்சியைக் கைவிட்டு மனப்பாடம் செய்வதுதான் பாதுகாப்பான வழியாகத் தெரியும். பிறகு அதே சொல்லை வேறு உதாரணத்தோடு கேட்டால் கை நிற்கும்.

பின்னணி அறிவு: 1988-ல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். பொதுவாக வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாத மாணவர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். டக்வொர்த் லூயிஸ் பற்றிய செய்தியை கிரிக்கெட் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள், இங்கேயும் அதுதான் நடக்கும். எந்தத் தலைப்பில் பத்தி வந்தாலும் புரிந்துகொள்ள, பல தலைப்புகளில் வாசித்திருக்க வேண்டும். பாடப்புத்தகம் மட்டுமே படித்து வளர்ந்தவருக்கு இது பெரிய இடைவெளி.

புரியவில்லை என்பதே தெரியாமல் இருப்பது: இதுதான் இருப்பதிலேயே சிக்கலானது. ஆர்தர் கிளென்பர்கும் அவருடைய குழுவினரும் 1982-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கொன்று முரண்படும் வாக்கியங்கள் உள்ள பத்தியைப் படித்த பிறகும் பலர் "நன்றாகப் புரிந்தது" என்றே சொன்னார்கள். 'தெரிந்துவிட்டது என்ற மாயை' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். ஹைலைட்டரால் பக்கம் முழுக்க மஞ்சள் பூசிவிட்டு, படித்து முடித்த நிம்மதியோடு தூங்கப்போன அனுபவம் நமக்கும் இருக்கும்தானே?

2012-ல் நடந்தது என்ன?

வாசிப்பு வேகம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை நேரடியாகப் பார்த்தது. 2012 ஜூலையில் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்திய முதல் டெட் தேர்வை ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் 2,448 பேர். ஒரு சதவீதம்கூட இல்லை. 'ஆசிரியர்களின் தரம் இவ்வளவுதானா?' என்று நாடே பேசியது.

அந்தத் தேர்வில் 150 கேள்விகள். நேரம் 90 நிமிடம். ஒரு கேள்விக்கு 36 விநாடி. மொழிப் பகுதியில் வரும் பத்தியைப் படிப்பது, கணக்கைப் போடுவது, நான்கு விடைகளையும் ஒப்பிடுவது, வட்டத்தை நிரப்புவது எல்லாம் அதற்குள் அடக்கம். எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி தேர்வு நடந்தபோது நேரம் மூன்று மணி நேரமாக நீட்டிக்கப்பட்டது. இந்த முறை தேர்ச்சி பெற்றவர்கள் 19,000-க்கும் மேல்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்டோபர் வினாத்தாள் வேறு, இடையில் படிக்க மூன்று மாதமும் கிடைத்தது. அதனால் வித்தியாசம் முழுவதையும் நேரத்தின் கணக்கில் எழுத முடியாது. நேரத்தை இரட்டிப்பாக்கிய பிறகும் தேர்ச்சி மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு விஷயம் அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தேர்வு பாட அறிவோடு சேர்த்து, எவ்வளவு வேகமாகப் படித்துப் புரிந்துகொள்கிறீர்கள் என்பதையும் அளந்தது. முடிவோ 'பாஸ், ஃபெயில்' என்று ஒரே சொல்லில் வந்தது. எது குறை என்பது யாருக்கும் தெரியாமலே போனது.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இந்தப் பழமொழிக்கு ஆய்வுலகில் ஒரு பெயர் இருக்கிறது: 'பேதுரு விளைவு'. பிச்சை கேட்டவரிடம், வெள்ளியும் பொன்னும் என்னிடம் இல்லை என்று பேதுரு சொல்லும் விவிலியக் காட்சியிலிருந்து வந்த பெயர். தன்னிடம் இல்லாததை யாராலும் தர முடியாது என்பதுதான் பொருள். 2004-ல் ஆந்தனி ஆப்பிள்கேட், மேரி டிகான்டி ஆப்பிள்கேட் இருவரும் அமெரிக்காவில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களின் வாசிப்புப் பழக்கத்தை ஆராய்ந்து, இந்தப் பெயரை வைத்தார்கள். அவர்கள் கேட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாசிப்பில் ஆர்வமே இல்லை. அமெரிக்காவிலேயே இப்படி என்றால், இதை நம் ஊர் மாணவர்களின் சோம்பேறித்தனம் என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

வகுப்பறையில் இது எப்படி வெளிப்படும்? டோலோரஸ் டர்கின் 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் நான்காம் வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்தார். 4,469 நிமிட வாசிப்பு வகுப்பில், 'எப்படிப் புரிந்துகொள்வது' என்று ஆசிரியர்கள் கற்றுக்கொடுத்த நேரம் வெறும் 20 நிமிடம். மீதி நேரத்தில் பெரும்பகுதி கேள்வி கேட்பதிலும், பயிற்சித்தாள் கொடுப்பதிலும், விடை சரிபார்ப்பதிலும் போனது. புரிந்ததா என்று சோதித்தார்கள், எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

நம் வகுப்பறையை நினைத்துப் பாருங்க. ஆசிரியர் வாசிப்பார், நாம் பின்னால் சொல்வோம். பிறகு 'புக் பேக்' கேள்விகள். விடை இருக்கும் வரிக்கு இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அதோடு பாடம் முடிந்தது. முருகேசன் ஏன் வயலுக்குப் போகவில்லை என்ற கேள்வியே வராது, ஏனென்றால் அதற்கு அடைப்புக்குறி போட வரி கிடையாது.

இந்த வகுப்பில் படித்தவர்தான் நாளை ஆசிரியர் ஆகிறார். அவரும் அடைப்புக்குறி போடவே சொல்லிக்கொடுப்பார். கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் சுமார் பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியவில்லை என்று ஏசர் அறிக்கை வரும்போதெல்லாம் அதிர்ச்சி அடைகிறோம். அந்த அறிக்கை காட்டுவது சங்கிலியின் ஒரு முனையை மட்டும்தான்.

எரிக் ஹனுஷெக்கும் சக ஆய்வாளர்களும் 31 நாடுகளின் தரவை வைத்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு முனையைக் காட்டியது. ஆசிரியர்களின் மொழித் திறனும் கணிதத் திறனும் எங்கே அதிகமோ, அங்கே மாணவர்களின் மதிப்பெண்ணும் அதிகமாக இருந்தது. அந்த நாடுகளில் இந்தியா இல்லை. ஆனால் அந்தத் தொடர்பு நமக்கு மட்டும் பொருந்தாது என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை.

அப்போ, தப்பு யார் மேல?

பயிற்சி மாணவர்களைக் கைகாட்டுவது சுலபம். அவர்கள் வந்த வழியைப் பார்த்தால் அப்படிச் செய்ய மனசு வராது.

பிளஸ் டூ வரை கைடும், 'முக்கிய வினாக்கள்' பட்டியலும்தான் வாசிப்பு. பயிற்சி நிறுவனத்திலும் அதே கதை, புத்தகத்துக்குப் பதில் ஜெராக்ஸ் நோட்ஸ். டெட்டுக்குத் தயாராகும்போது கோச்சிங் சென்டர் மெட்டீரியல், டெலிகிராமில் வரும் ஒருவரி பிடிஎஃப். 'பியாஜே - அறிவு வளர்ச்சி, கோல்பர்க் - ஒழுக்க வளர்ச்சி' என்று ஒரு வரியில் இரண்டு பெயரை மனப்பாடம் செய்தால் மார்க் வரும் என்றால், பியாஜே என்ன சொன்னார் என்று இருபது பக்கம் படிக்க யாருக்குத்தான் தோன்றும்? பல குடும்பங்களில் இவர்கள்தான் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் தலைமுறை. வீட்டில் செய்தித்தாளோ கதைப் புத்தகமோ இருந்திருக்காது. அது அவர்களுடைய தப்பில்லை.

பயிற்சி நிறுவனங்களின் நிலையையும் பேச வேண்டும். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012-ல் ஆசிரியர் கல்வியை ஆராய்ந்தது. அதை மேற்கோள் காட்டும் தேசியக் கல்விக் கொள்கை 2020, தனித்து இயங்கும் 10,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை உருப்படியான பயிற்சிக்கு முயற்சிகூடச் செய்யாமல், பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளில் நமக்கு எவ்வளவு கருத்து வேறுபாடு இருந்தாலும், இந்த வாக்கியத்தை மறுப்பது கஷ்டம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாடத்திட்டத்தில் மருந்து ஏற்கெனவே இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்சிடிஇ) 2014-ல் கொண்டுவந்த இரண்டு ஆண்டு பி.எட் பாடத்திட்டத்தில் 'நூல்களை வாசித்தலும் சிந்தித்தலும்' என்றே ஒரு தாள் உண்டு. 'பாடங்கள் ஊடே மொழி' என்று இன்னொரு தாளும் உண்டு. அறிவியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும்கூட மொழியை எப்படிக் கையாள வேண்டும் என்பதைப் பேசும் தாள் அது. பயிற்சி மாணவர்கள் வாசிக்கக் கற்க வேண்டும் என்று பாடத்திட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நடைமுறையில் அந்த வாசிப்புத் தாள் ஒரு ரெக்கார்டு நோட்டாகச் சுருங்கிவிடும் அபாயம்தான் அதிகம். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து ஜூனியர் எழுத, கையெழுத்து வாங்க, மார்க் வர... வாசிப்பு மட்டும் நடந்திருக்காது.

தேர்வு வைத்து வடிகட்டினால் போதாதா?

தேர்வு தேவைதான். ஆனால் தேர்வு எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன். நம்ம ஊரில் டெட் வருவது கடைசியில். இரண்டு ஆண்டு பயிற்சி முடிந்து, பணமும் காலமும் செலவான பிறகு. அப்போது "உங்களுக்கு வாசிப்புப் புரிதல் போதவில்லை" என்று தெரிந்து என்ன பயன்? அப்படித்தான் காரணம் என்றுகூட யாரும் சொல்லப்போவதில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

ஆஸ்திரேலியாவில் 2016 முதல் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கென்றே ஒரு எழுத்தறிவு, எண்ணறிவுத் தேர்வு இருக்கிறது. நாட்டின் வயது வந்தோரில் முதல் 30 சதவீதத்தினருக்கு இணையான திறன் வேண்டும் என்பது அளவுகோல். பயிற்சியில் சேர்வதற்கு முன்பே எழுதிப் பார்க்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இதே மாதிரி இருந்த திறன் தேர்வை 2020-ல் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக, பயிற்சி பெறுகிறவருக்கு அடிப்படை ஆங்கிலமும் கணக்கும் வருவதைப் பயிற்சி நிறுவனமே உறுதி செய்ய வேண்டும் என்று பொறுப்பை மாற்றினார்கள்.

பின்லாந்து வழி வேறு. அங்கே பல ஆண்டுகளாக ஆசிரியர் கல்விக்கான நுழைவுத் தேர்வில், சில வாரங்களுக்கு முன்பே ஆய்வுக் கட்டுரைகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டு வந்தார்கள். அதைப் படித்துப் புரிந்துகொண்டு வந்து பதில் எழுத வேண்டியிருந்தது. மனப்பாடத்தைவிட, புதிதாக ஒன்றைக் கொடுத்தால் வாசித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

மூன்று நாடுகளும் மூன்று வழி. பொதுவான விஷயம் ஒன்றுதான். பயிற்சி முடிந்து வெளியே போவதற்கு முன்பே வாசிப்பைக் கேட்கிறார்கள்.

வாசிப்பில் குறைபாடு இருந்தால் ஆசிரியர் ஆகக் கூடாதா?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மெதுவாக வாசிக்கும் எல்லோரையும் ஒரே கூடையில் போட முடியாது. சிலருக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம். பள்ளியில் யாரும் கண்டுபிடிக்காமல், 'மக்கு' என்ற பட்டத்தோடு போராடிப் போராடி மேலே வந்தவர்கள் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இவர்களுக்குக் கூடுதல் நேரமும், வாசிக்க உதவும் கருவிகளும் கொடுத்தால் அறிவில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. வகுப்பில் தடுமாறும் ஒரு குழந்தையின் தவிப்பை இவர்களைவிட வேறு யார் நன்றாகப் புரிந்துகொள்வார்கள்?

அதனால்தான் தொடக்கத்திலேயே அளக்க வேண்டும் என்கிறோம். வெளியே தள்ளுவதற்காக அளப்பது வேறு, உதவி செய்வதற்காக அளப்பது வேறு.

என்ன செய்யலாம்?

ஒன்று, முதல் மாதத்திலேயே ஒரு வாசிப்புச் சோதனை. மார்க் வேண்டாம், ரேங்க் வேண்டாம். ஒரு நிமிடம் சத்தமாக வாசிப்பு, அறிமுகமில்லாத ஒரு பத்தியில் மூன்று படிக் கேள்விகள், ஐந்து வரியில் சுருக்கம். யாருக்கு வேகம் போதவில்லை, யாருக்குச் சொல்வளம் போதவில்லை, யாருக்கு ஊகிக்க வரவில்லை என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில், அதான் நம்ம டயட்களில், இதைத் தொடங்கப் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

இரண்டு, புரிதலைப் பாடமாகவே நடத்துவது. அன்மேரி பாலின்சாரும் ஆன் பிரவுனும் 1984-ல் சோதித்துக் காட்டிய ஒரு முறை இருக்கிறது. சின்னக் குழுவாக உட்கார்ந்து ஒரு பத்தியைப் படிக்க வேண்டும். அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும், தாங்களே கேள்வி உருவாக்க வேண்டும், புரியாத இடத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், சுருக்கிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் ஒருவர் மாற்றி ஒருவர் 'டீச்சர்' ஆகலாம். புரிதலில் பின்தங்கிய பள்ளி மாணவர்களுக்காக உருவான முறை இது. பயிற்சி மாணவர்களுக்கு இதில் இரட்டை லாபம். தன் வாசிப்பும் தேறும், வகுப்பில் எப்படி நடத்துவது என்றும் தெரியும்.

மூன்று, சிறுவர் புத்தகங்களிலிருந்து தொடங்குவது. தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை வைத்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. பள்ளிக் குழந்தை படிக்கும் அதே புத்தகங்களை, அவர்களுக்கு நடத்தப்போகிறவர் பயிற்சிக் காலத்திலேயே படித்து விவாதித்திருக்க வேண்டாமா? இருபது வயதில் குழந்தைகள் கதை படிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எளிதான புத்தகத்தில்தான் வாசிப்பு வேகம் வளரும், வாசிப்பின் ருசியும் தெரியும்.

நான்கு, டெட் முடிவில் விவரம். மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், பத்தியைப் படித்து விடையளிக்கும் கேள்விகளில் எத்தனை, பாட அறிவில் எத்தனை என்று பிரித்துச் சொன்னால், தோற்றவருக்கு அடுத்து எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரியும். இப்போது அவருக்குக் கிடைப்பது ஏமாற்றமும் அடுத்த கோச்சிங் சென்டரின் விளம்பரமும்தான்.

கடைசியாக, வேலை. பயிற்சி முடித்து, டெட்டும் பாஸ் செய்து, பணிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். 2018-ல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு டெட்டைத் தாண்டி இன்னொரு போட்டித் தேர்வும் சேர்ந்துகொண்டது. இவ்வளவு நிச்சயமில்லாத ஒரு பாதையில், நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் ஏன் வரப்போகிறார்கள்? வாசிப்புத் திறனைப் பேசும்போது இதைப் பேசாமல் விட்டால் பாதிதான் பேசியிருப்போம்.

நமக்கு இதில் என்ன?

இந்தக் கட்டுரையை இதுவரை ஸ்க்ரோல் செய்து வந்திருந்தால், உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்க. நடுவில் எத்தனை முறை வாட்ஸ்அப் திறந்தீங்க? 2018-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளை, 1,70,000-க்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஒரே பத்தியைத் திரையில் படித்தவர்களைவிடக் காகிதத்தில் படித்தவர்களுக்குப் புரிதல் அதிகமாக இருந்தது. நேர நெருக்கடி இருக்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் கூடியது. பயிற்சி மாணவர்களின் நோட்ஸ், மெட்டீரியல், மாதிரித் தேர்வு எல்லாமே இன்று மொபைலில்தான்.

ஆக, வாசிப்புச் சிக்கல் அவர்களுடையது மட்டும் இல்லை. நம்முடையதும்தான். ஒரு வித்தியாசம், நாம் பாதியில் விட்டால் இழப்பு நமக்கு மட்டும். அவர்களுக்கு வாசிப்பு வசப்படாவிட்டால், ஒவ்வொரு ஆண்டும் ஒரு வகுப்புக் குழந்தைகள் முருகேசனின் கதையை 'இரண்டு நாட்கள்' என்ற விடையோடு மூடி வைத்துவிடுவார்கள்.

அந்தக் குழந்தைகளில் யாருடைய அப்பாவாவது அந்த மழையில் பயிரை இழந்திருக்கலாம். அதைப் பேச அந்த வகுப்பில் இடம் இருந்ததா என்பது, முன்னால் நின்ற ஆசிரியர் அந்தக் கடைசி வரியை எப்படிப் படித்தார் என்பதில் இருக்கிறது.